'வந்துட்டு' என்று எழுதலாமா?

கேள்வி: நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் குடும்பமாக அப்பளம் இட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பி வருகிறோம். கடைக்காரர்களுக்குக் கைபேசியில் செய்தி எழுதும் பொறுப்பு இப்போது என் மகளுடையது. சென்ற மாதம் கோயம்புத்தூர்க் கடை ஒன்றுக்கு, "உங்க பணம் வந்துட்டு சரக்கு அனுப்புதோம்" என்று எழுதிவிட்டாள். பணத்தை முன்பே அனுப்பியிருந்த கடைக்காரர், பணம் வந்த பிறகுதான் சரக்கு என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொண்டு, மனம் வருந்தித் தொலைபேசியில் பேசினார். பேச்சில் சுருங்குகிற சொற்களை எழுத்திலும் சுருக்கி எழுதக் கூடாது என்பது என் எண்ணம். மகளோ, ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனதுதான் பிழை, சொல்லில் பிழையில்லை என்கிறாள். திருநெல்வேலியை நெல்லை என்று எல்லாரும் எழுதும்போது இதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும், நம் ஊர்ப் பேச்சை எழுத ஏன் கூச்சப்பட வேண்டும் என்றும் கேட்கிறாள். தன் சித்திக்கு எழுதுவதைக்கூட நான் திருத்துகிறேன் என்று கோபித்துக்கொள்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் 35 ஆண்டுகளுக்கும் மேலாக மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து வருகிறேன். கையால் அச்சுக் கோத்த காலத்தில் தொடங்கிக் கணினித் திரையில் பக்கம் பார்க்கும் இந்நாள் வரை, பிறர் எழுதியதைப் படித்துத் திருத்துவதே என் பிழைப்பு. அதனால் உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை; கல்யாண அழைப்பிதழ் முதல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வரை, அச்சகத்து மேசையில் அடிக்கடி எழுந்த கேள்விதான் இது. சுற்றி வளைக்காமல் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க் கடைக்கு எழுதிய செய்தியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சித்திக்கு எழுதுவதைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வது சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சுருக்கி எழுதப்பட்ட சொல்லை மனத்துக்குள் விரித்துப் படித்துக்கொள்ளும் வேலை முழுவதும் படிப்பவர் மேல் விழுகிறது. சித்தியால் அதைச் சிரமமின்றிச் செய்ய முடியும். கோயம்புத்தூர்க் கடைக்காரரால் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் உங்கள் மகள் எழுதிய அந்த ஒரு சொல்லில் தமிழ்ப் பேச்சு எப்படிச் சுருங்குகிறது என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது. 'வந்துவிட்டது' என்ற வினைமுற்றில், 'வந்து' என்பதன் பின் 'விடு' என்னும் துணைவினை நின்று, செயல் நடந்து முடிந்தது என்பதை உறுதிப்படுத்துகிறது. கடைசியில் நிற்கும் 'து' என்னும் விகுதி, வந்த பொருள் அஃறிணை, அதுவும் ஒன்று என்று காட்டுவதோடு, தொடர் அந்த இடத்தில் முடிந்தது என்பதையும் தெரிவித்துவிடுகிறது. நம் பக்கத்துப் பேச்சில் 'வி' கரைந்துபோய், எஞ்சிய 'ட்டது' என்பதும் 'ட்டு' என்று ஒடுங்கி, 'வந்துட்டு' என்று நிற்கிறது. 'மழை வந்துட்டு', 'நேரமாயிட்டு', 'பால் பொங்கிட்டு' என்று தாமிரபரணிக் கரையில் யார் சொன்னாலும் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஆனால் 'வந்துவிட்டு' என்ற வினையெச்சமும் பேச்சில் சுருங்கும்போது அதே 'வந்துட்டு' ஆகிறது. 'கடைக்குப் போயிட்டு வாரேன்' என்று நாம் சொல்வது 'போய்விட்டு வருகிறேன்' என்பதன் சுருக்கம். இவை போதாவென்று, 'கொண்டு' என்ற துணைவினையும் 'கிட்டு' என்றாகிப் பின்பு வெறும் 'ட்டு' ஆகத் தேய்ந்து போகிறது. 'அப்பளம் காய வச்சிட்டு இருக்கோம்' என்று நீங்களே நாளுக்குப் பத்து முறை சொல்லியிருப்பீர்கள், அதன் முழுவடிவம் 'காய வைத்துக்கொண்டிருக்கிறோம்' என்பதாகும். ஆக, விட்டது, விட்டு, கொண்டு என்ற மூன்று வெவ்வேறு வடிவங்கள், மூன்று வெவ்வேறு பொருள்களோடு, ஒரே 'ட்டு' என்னும் வாசல் வழியாக வெளியே வருகின்றன. முழுவடிவத்தில் எழுதும்போது இம்மூன்றும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன. சுருக்கி எழுதும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

பேச்சில் இது இடர் செய்வதில்லை. 'பணம் வந்துட்டு' என்று சொல்லும்போது குரல் இறங்கி ஓர் இடைவெளி விழுகிறது. 'வாங்கிட்டு' என்று சொல்லி அடுத்த வினைக்குப் போகும்போது குரல் மேலே நின்று காத்திருக்கிறது. கேட்பவருக்குச் சொல்பவரின் முகமும் தெரிகிறது. சந்தேகம் வந்தால் 'என்ன சொன்னிய?' என்று உடனே கேட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் போய் இறங்கிய எழுத்துக்கு இந்த உதவிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

முற்றுப்புள்ளி இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது என்று மகள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். புள்ளியில்லாமல் இரண்டு தொடர்களை ஒட்டி எழுதியது பிழைதான், முழுவடிவத்தில் எழுதியிருந்தாலும் அது பிழைதான். ஆனால் புள்ளி மட்டும் அந்தச் செய்தியைக் காப்பாற்றியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். 'உங்க பணம் வந்துட்டு. சரக்கு அனுப்புதோம்.' இதைப் படிக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு, பணம் வந்து சேர்ந்ததைச் சொல்லும் சொல் 'வந்துருச்சு' என்பது. 'வந்துட்டு' என்பது அவருடைய காதில் முடியாத சொல். இன்னொரு வினையைத் தேடி நிற்கும் சொல். ஆகவே அவர் அந்தப் புள்ளியை விரல் தவறி விழுந்ததாக எண்ணிக்கொண்டு, தொடரைச் சேர்த்தே படித்திருப்பார். 'அனுப்புதோம்' என்பதும் அவருக்கு உதவியிருக்காது. நிகழ்காலத்துக்கு 'கிறு' என்று எழுத்திலும் 'ற' என்று பெரும்பாலான ஊர்ப் பேச்சிலும் வரும் இடத்தில் 'த' வருவது நம் பக்கத்து வழக்கம். 'சொல்லுதேன்', 'செய்யுதான்' என்று நாம் பேசுவதை வெளியூரார் முதன்முறை கேட்கும்போது சற்றே திகைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுத்தில் அந்தத் திகைப்பைத் தீர்க்க எதிரில் ஒருவரும் இல்லை.

இதைச் சுருக்கியதால் மகளுக்கு மிச்சமானது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தேன். 'வந்துட்டு' 5 எழுத்து, 'வந்துவிட்டது' 7 எழுத்து; 'அனுப்புதோம்' 6 எழுத்து, 'அனுப்புகிறோம்' 7 எழுத்து. ஆக மொத்தம் 3 எழுத்துகள். ஒரு வாடிக்கையாளரின் மனவருத்தத்தோடு வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய சேமிப்பு என்பதை மகளிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இதே வகையில் நான் மிகவும் அஞ்சும் சுருக்கங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை. 'வரவில்லை', 'சொல்லவில்லை', 'கிடைக்கவில்லை' ஆகியவை பேச்சில் 'வரல', 'சொல்லல', 'கிடைக்கல' ஆகின்றன. 'இல்லை' என்ற ஒரு முழுச்சொல், அதாவது தொடரின் பொருளையே தலைகீழாக மாற்றும் சொல், ஒற்றை லகரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவரின் விரல் அந்த எழுத்தை விட்டுவிட்டாலோ, படிக்கிறவர் அதை 'சொல்லலாம்' என்பதன் அரைகுறை வடிவமாக எடுத்துக்கொண்டாலோ, இல்லாதது இருப்பதாகிவிடும். திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு போகிறவர்கள் என்னிடம் காட்டும்போது, நான் வேறு எதைத் திருத்தாவிட்டாலும் 'பட்டா வரல' என்பதைப் 'பட்டா வரவில்லை' என்று மாற்றாமல் விடுவதில்லை. அந்த மனுவை எந்த ஊர்க்காரர், எத்தனை மனுக்களுக்கு நடுவில், எவ்வளவு அவசரத்தில் படிப்பார் என்று நமக்குத் தெரியாது.

மற்றொன்று மரியாதை. 'நீங்கள் சொன்னீர்கள்' என்பதை நம் பக்கத்தில் 'நீங்க சொன்னிய' என்கிறோம். 'வந்திய', 'பாத்திய' என்பனவும் அப்படியே. நம்மவர் காதில் இது பெரியவர்களிடம் பேசும் பணிவான வடிவம். 'நீங்க' என்ற சொல்லை எழுதாமல் 'அன்னைக்கே சொன்னிய' என்று மட்டும் எழுதி அனுப்பினால், வெளியூர்க்காரர் அதை 'அன்றைக்கே சொன்னாயே' என்று படிக்கக்கூடும். 'அவர்கள் வந்தார்கள்' என்பதை நாம் 'வந்தாவ' என்று சொல்வதும் அத்தகையதே. நாம் மனத்தில் வைத்து எழுதிய மரியாதை அவருடைய கண்ணில் படாமலே போய்விடுகிறது. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நெல்லை என்று எழுதலாமென்றால் இதை ஏன் எழுதக் கூடாது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதி அதுதான். உங்கள் மகள் நன்றாகச் சிந்திக்கிறாள் என்பதற்கு அதுவே சான்று. சொல் சுருங்குவதை நம் இலக்கணம் ஒருபோதும் மறுத்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இயல்பு வழக்கை மூன்றாகப் பிரித்து, இலக்கணமுடையது, இலக்கணப்போலி என்ற இரண்டோடு மரூஉ என்பதையும் சேர்த்தது. மரூஉ என்பது வடிவம் சிதைந்து மருவிய சொல். சிதைந்ததாயினும் வழக்காக ஏற்கப்பட்டது. சோழநாடு சோணாடு என்றும், அருமருந்தன்ன பிள்ளை அருமந்த பிள்ளை என்றும் ஆனது அந்த வகையைச் சேர்ந்தது. செய்யுளில் சொல்லின் முதலும் இடையும் கடையும் குறையலாம் என்பதற்கும் நன்னூலில் இடமுண்டு. தாமரையை 'மரை' என்றும் நீலத்தை 'நீல்' என்றும் புலவர்கள் குறைத்து எழுதியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் 'திருநெல்வேலி உறை செல்வர்' என்று முழுப்பெயரால் பாடிய ஊரை நாம் நெல்லை என்கிறோம், பாளையங்கோட்டையைப் பாளை என்கிறோம், அம்பாசமுத்திரத்தை அம்பை என்கிறோம். சென்னைக்குப் போகும் இரயிலின் பெயரே நெல்லை எக்ஸ்பிரஸ். கருப்புக்கட்டி என்ற சொல் கருப்பட்டியாகச் சுருங்கி நிலைத்துவிட்டது. இன்று அதன் பழைய முழுவடிவத்தை எழுதினால்தான் படிப்பவர் தயங்கி நிற்பார்.

ஆனால் இவை எல்லாம் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். பெயர் ஒரு பொருளைச் சுட்டினால் அதன் வேலை முடிந்தது. நெல்லை என்றாலும் திருநெல்வேலி என்றாலும் சுட்டப்படும் ஊர் ஒன்றுதான், அது தமிழறிந்த எல்லாருக்கும் தெரியும். வினைச்சொல் அப்படிப்பட்டதன்று. யார் செய்தார், எப்போது செய்தார், ஒருவரா பலரா, செயல் முடிந்ததா தொடர்கிறதா, தொடர் இங்கே நிற்கிறதா ஓடுகிறதா என்ற அனைத்தையும் தமிழில் வினையின் கடைசிச் சில எழுத்துகளே சுமக்கின்றன. பேச்சு சுருங்கும்போது முதலில் தேய்வதும் அந்தக் கடைசி எழுத்துகள்தாம். நெல்லை என்னும் சுருக்கத்தில் பொருள் இழப்பு இல்லை. 'வந்துட்டு' என்னும் சுருக்கத்தில் 'வந்தது' என்ற செய்தியே இழக்கப்படுகிறது. உங்கள் மகளின் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இதுதான். பெயரிலும்கூட எல்லாச் சுருக்கமும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. உங்கள் ஊரைக் 'கல்லிடை' என்று அம்பையிலும் தென்காசியிலும் சொன்னால் போதும். ஓசூரில் சரக்கு இறக்குபவருக்கு அது ஊர்ப்பெயராகவே தோன்றாது.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நீளமான வடிவம் எப்போதும் சரியான வடிவம், குறுகிய வடிவம் எப்போதும் சிதைந்த வடிவம் என்று எண்ணிவிட வேண்டாம். பேச்சில் ரகர ஒற்று விழுவது வழக்கம் என்பதால் 'பாத்து' என்பதைப் 'பார்த்து' என்றும் 'சேத்து' என்பதைச் 'சேர்த்து' என்றும் திருத்துகிறோம். அது முறையான திருத்தம். அதே பழக்கத்தில் பலர் 'பூவைக் கோத்தாள்' என்பதையும் 'கோர்த்தாள்' என்று திருத்திவிடுகிறார்கள். ஆனால் 'கோ' என்பதே வேர். 'கோத்து', 'கோத்தாள்' என்பனவே பழைய, சரியான வடிவங்கள். ரகரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் தொழிலுக்கே 'அச்சுக் கோத்தல்' என்றுதான் பெயர். மெய்ப்பில் அதை 'அச்சுக் கோர்த்தல்' என்று யாரேனும் மாற்றி வைத்திருந்தால் இன்றும் மனம் பொறுக்காமல் அந்த ரகரத்தை அடித்துவிடுகிறேன். ஆகவே திருத்துகிறவருக்கும் ஐயம் வேண்டும். அகராதியைப் புரட்டும் பொறுமையும் வேண்டும்.

சுருக்கத்திலேயே இன்னொரு வகையும் இருக்கிறது. அதை இதுவரை சொன்னவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'வந்துட்டு' என்பது வாய் சுருக்கியது. கை சுருக்கியவை வேறு. நம் பெரியவர்களின் கணக்குப் பேரேடுகளையும் பழைய கிரயப் பத்திரங்களையும் பார்த்தால், நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று தனித்தனிக் குறிகள் இருக்கும். மேற்படிக் குறியைப் பலர் 'ஷெ' என்றே எழுதினார்கள்; 'ஷெ சொத்து' என்று பத்திரத்தில் இருந்தால், படிப்பவர் 'மேற்படி சொத்து' என்றுதான் வாய்விட்டுப் படிப்பார். எழுத்து சுருங்கியது, ஒலி சுருங்கவில்லை. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள், குறி இன்னதென்று முன்கூட்டியே உடன்பட்டவர்கள் என்பதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. இன்றைக்கு 'ரூ.' என்றும் 'கி.மீ.' என்றும் நாம் எழுதுவது அந்த மரபின் தொடர்ச்சிதான், தயங்காமல் எழுதலாம். உங்கள் தொழிலில் மட்டும் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 'கி.' என்ற எழுத்து கிலோவுக்கும் முதலெழுத்து, கிராமுக்கும் முதலெழுத்து. விலைப்பட்டியலில் 'கிலோ', 'கிராம்' என்று முழுதாகவே எழுதிவிடச் சொல்லுங்கள்.

உடன்பாடு இல்லாத இடத்தில் கையின் சுருக்கமும் எவ்வளவு துன்பம் தரும் என்பதற்கு ஓலைச்சுவடிகளே சாட்சி. ஓலை கிழிந்துவிடும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எழுதியவர்கள் காலத்தில் அது எளிதாகப் படிக்கப்பட்டது. பல நூறு ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகளை எடுத்து அச்சேற்ற முனைந்தவர்கள், இந்த எழுத்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று பொருள் தேட வேண்டியிருந்தது. ஏடு எழுதியவருக்கு வேறு வழியில்லை. கைபேசியில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் மகளின் பக்கம் நின்று சொல்ல வேண்டியதையும் அதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூதாட்டியின் பதினாறாம் நாளுக்கான கண்ணீர் அஞ்சலித் தாள் மெய்ப்புக்கு வந்தது. வீட்டார் எழுதிக் கொடுத்திருந்த வரி, 'எங்கள விட்டுட்டுப் போயிட்டியே ஆச்சி' என்பது. பிழையில்லாமல் அச்சிட வேண்டும் என்ற ஆர்வத்தில் அதை 'எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டாயே ஆச்சி' என்று திருத்தினேன். தாள்கள் அச்சாகிக் கட்டி வைத்தாயிற்று. எடுத்துப்போக வந்த பேரன் ஒரு தாளை உருவிப் படித்துவிட்டு, 'ஆச்சிகிட்ட நாங்க ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லையே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்துப் போனார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த வரி செய்தி சொல்ல வந்ததன்று. ஆச்சியைக் கூப்பிட வந்தது. அதில் இருந்த சுருக்கத்தை விரிக்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை. படிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள். முழுவடிவம் அந்த வீட்டுக் குரலைத் துடைத்துவிட்டது. இலக்கணப்படி நான் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் அந்தத் தாளைக் கெடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து, நேரடியாக ஒருவரை விளித்துச் சொல்லும் வரியை, கேட்டு அனுமதி பெறாமல் நான் மாற்றுவதில்லை.

நம் மண்ணின் எழுத்தாளர்களும் இதைத்தான் காட்டியிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் தம் கதைமாந்தரைத் திருநெல்வேலிப் பேச்சிலேயே பேச வைத்தார். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் கதை சொல்லும் நடையையே பேச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்ததோடு, கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். ஆகவே ஊர்ப் பேச்சை எழுத வெட்கப்படத் தேவையில்லை என்று உங்கள் மகள் சொல்வது முழு உண்மை. அவர்களைப் படிக்கும்போது அவள் ஒன்றைக் கவனித்தால் போதும்: அந்த உரையாடல்கள் கவனக்குறைவாக எழுதப்பட்டவை அல்ல. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று தெரியும்படி அமைத்து, முன்னும் பின்னும் சூழலை வைத்து, வெளியூர் வாசகரும் விரித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை.

பேச்சு வடிவத்தை எழுதும்போதும் எழுத்துப்பிழை எழுத்துப்பிழைதான் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். 'பழம்' என்பதை நம் பக்கத்தில் பலர் 'பளம்' என்று ஒலிக்கிறார்கள். அதை அப்படியே எழுதுவது சுருக்கம் ஆகாது, எழுத்தும் மிச்சமாகாது. ஒரு பக்கத்தில் 'வாரேன்' என்றும் மறு பக்கத்தில் 'வர்றேன்' என்றும் எழுதுவதும் அழகன்று. ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதையே எழுத வேண்டும்.

உங்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். முழுவடிவத்தில் எழுது என்று நீங்கள் சொல்லும்போது, அலுவலகத் தமிழில் எழுது என்று மகள் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'தங்களால் அனுப்பப்பட்ட தொகை எங்களால் பெற்றுக்கொள்ளப்பட்டுள்ளது' என்று எழுத வேண்டிய தேவை எதுவும் இல்லை. அத்தகைய நடையைப் பார்த்துத்தான் இளையவர்கள் எழுத்துத் தமிழ் தமக்கு அந்நியம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். பேச்சில் உள்ள எளிய சொற்களையே, பேச்சில் உள்ள வரிசையிலேயே வைத்து, கடைசி எழுத்துகளை மட்டும் விடாமல் எழுதினால் போதும். அந்தக் கடைக்காரருக்கு இப்போது ஒரு செய்தி அனுப்புவது நல்லது, இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நீங்கள் அனுப்பிய பணம் எங்களுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் அன்று எழுதினோம். நாங்கள் எழுதிய விதத்தால் உங்களுக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த சரக்கு எப்போது வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறோம்."

இதில் கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் வாயால் சொல்ல முடியாத சொல் ஒன்றுகூட இல்லை. கோயம்புத்தூரில் ஒருவர் தவறாகப் படிக்கக்கூடிய சொல்லும் இல்லை. இதையே மகள் தன் சொற்களில் மாற்றி எழுத விரும்பினால் விட்டுவிடுங்கள். கடைக்கு அனுப்பும் முன் ஒரு முறை இருவருமாகச் சேர்ந்து படித்துப் பாருங்கள். சித்திக்கு அவள் எழுதுவதை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.